பித்தப்பையை அகற்றும் முறைகள்

விருந்து உண்ட இரவில், வலப்புற விலாவின் கீழே ஒரு வலி தோன்றுகிறது. அது முதுகிலும் வலது தோளிலும் பரவி, இரண்டொரு மணி நேரம் ஆளை வாட்டி எடுத்துவிட்டுப் பிறகு தானாகவே அடங்குகிறது. வாயுத் தொல்லை என்று எண்ணி, ஓமத் தண்ணீரைக் குடித்துச் சில மாதங்களைக் கடத்துகிறோம். வலி மீண்டும் மீண்டும் வரவே டாக்டரிடம் செல்கிறோம். அவர் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல் இருக்கிறது, பையை எடுத்துவிடுவதே நல்லது என்று கூறுகிறார்.

அந்த அதிர்ச்சி தீர்வதற்குள் அடுத்த கேள்வி எழுகிறது. வயிற்றைத் திறந்து செய்வதா, நான்கு துளைகள் இட்டுச் செய்வதா, தொப்புளில் ஒரே துளை இட்டுச் செய்வதா, ரோபோ இயந்திரத்தின் துணையோடு செய்வதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழ்ச்சி. தில்லியிலோ, கான்பூரிலோ, கல்கத்தாவிலோ, பிலாயிலோ குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே தொல்லை தருகிறது. சொந்த ஊரானால் பெரியவர்களையும் பழகிய வைத்தியரையும் கலந்து முடிவு செய்யலாம். இங்கோ, அயல் மொழியில் கேட்டு, அயல் மொழியில் அச்சிட்ட தாளில் கையொப்பம் இட வேண்டியிருக்கிறது. எனவே இந்த ரண சிகிச்சை முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பித்தப்பை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈரலின் அடிப்பக்கத்தில், பேரிக்காய் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை அது. ஈரல் ஒரு நாளைக்கு 500 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். மலையிலிருந்து வயலுக்கு ஓடும் ஒரு வாய்க்காலையும், அதன் கரையில் சிறு மடையால் இணைந்த ஒரு குட்டையையும் மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால்தான் ஈரலிலிருந்து முன்சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் தாய்க் குழாய். குட்டைதான் பித்தப்பை. மடைதான் பையையும் தாய்க் குழாயையும் இணைக்கும் கிளைக் குழாய். உணவு இல்லாத வேளையில் பித்தநீர் குட்டையில் தேங்கி, நீர் வற்றிக் கெட்டியாகிறது. கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்ததும், பை சுருங்கி அதை வெளியேற்றுகிறது.

குட்டையைத் தூர்த்துவிட்டாலும் வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பித்தப்பை இல்லாமலே மனிதன் நன்றாக வாழ முடிவது இதனால்தான். குதிரைக்கும் யானைக்கும் இயற்கையிலேயே பித்தப்பை கிடையாது. ஆனால் குட்டைக்குரிய மடை என்று நினைத்து வாய்க்காலையே அடைத்துவிட்டால் என்னவாகும்? இந்த ரண சிகிச்சையின் முழு அபாயமும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. கிளைக் குழாயும், ஈரலிலிருந்து வரும் குழாயும், ஈரலின் விளிம்பும் சேர்ந்து அமைக்கும் சிறு முக்கோண வெளியை, 1891-இல் அதை விவரித்த பிரெஞ்சு டாக்டர் கலோவின் பெயரால் கலோ முக்கோணம் என்று அழைக்கிறார்கள். எந்த முறையில் செய்தாலும் ரண வைத்தியர் கடக்க வேண்டிய இடம் அதுவே.

கல் இருக்கும் எல்லோருக்கும் ரண சிகிச்சை வேண்டுமா என்றால், வேண்டாம். வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கையில் தற்செயலாகக் கண்ட கல், வலி எதுவும் தராதிருந்தால், பெரும்பான்மையோருக்கு வாழ்நாள் முழுவதும் அது தொல்லை தருவதில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். 3 சென்டிமீட்டருக்கும் பெரிய கல், சுண்ணாம்பு படிந்த பைச்சுவர், 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி போன்றவை விதிவிலக்குகள். வலி தந்த கல், பையை வீங்கவைத்த கல், தாய்க் குழாயில் நழுவிக் காமாலையையோ கணைய அழற்சியையோ உண்டாக்கிய கல் ஆகியவற்றுக்குப் பையை அகற்றுவதே நிலையான சிகிச்சை. வட இந்தியாவில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், பித்தப்பைப் புற்றுநோய் தென்னாட்டைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆகையால் அங்கே வசிப்போர் நெடுநாள் வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது தக்கதன்று.

இனி முறைகளுக்கு வருவோம். 1867-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்ற ரண வைத்தியர், ஒரு பெண்மணியின் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிட்டார். கல்லை எடுத்துப் பையை விட்டுவைக்கும் இம்முறை எளிதாகத் தோன்றியது. ஆனால் பை இருக்கும் வரையில் புதிய கற்கள் தோன்ற இடம் உண்டு. பெர்லின் நகரில் லாசரஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக், கல்லைப் படைக்கும் பையையே அகற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இறந்தோர் உடல்களில் பல முறை பயின்ற பிறகு, 1882 ஜூலை 15-ஆம் தேதி, 16 ஆண்டுகளாக வலியால் துன்புற்ற 43 வயதுடைய ஒருவருக்கு அதைச் செய்தார். மறுநாள் அந்நோயாளி காய்ச்சலின்றி, சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார் என்று வைத்திய வரலாறு கூறுகிறது.

அன்றுமுதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, வயிற்றைத் திறந்து செய்யும் அம்முறையே உலகெங்கும் நிலைத்தது. வலது விலாவின் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலையும் தசையையும் வெட்டி, ஈரலை விலக்கிப் பிடித்து, பையைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அகற்றுவார்கள். சர்ஜனின் விரல் நுனிக்குத் தெரியும் செய்தி பல. மறைந்திருக்கும் கல்லையும், ஓடும் இரத்தக் குழாயின் துடிப்பையும் அது உணரும். தாய்க் குழாய் காயமுறுவது இம்முறையில் ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது இருவருக்குத்தான். ஆனால் வெட்டுப்பட்ட தசை மூச்சு விடுந்தோறும் நோகும். நோயாளி ஆழ்ந்து மூச்சு விடவும் இருமவும் அஞ்சுவார். அதனால் மார்பில் சளி கட்டும். ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலும், ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலும் படுத்திருக்க வேண்டும். சிலருக்குத் தழும்பின் வழியே பின்னாளில் குடலிறக்கம் தோன்றும்.

இத்துன்பத்தைக் குறைக்க வந்ததுதான் துளைவழி முறை. ஜெர்மனியில் போப்லிங்கன் என்ற ஊரின் சர்ஜன் எரிக் மூஹே, 1985 செப்டம்பர் 12-ஆம் தேதி, குழல் வடிவமான கருவி ஒன்றின் வழியாகப் பார்த்துப் பித்தப்பையை அகற்றினார். மறு ஆண்டு அதை ஜெர்மானிய ரண வைத்தியர் சங்கத்தில் எடுத்துரைத்தபோது, அவருக்குப் பாராட்டுக்குப் பதிலாக ஏளனமே கிடைத்தது. நோயாளி ஒருவர் இறந்தது பற்றி அவர்மீது வழக்கும் நடந்தது. 1990-இல் அவர் விடுதலையானார். 1992-இல் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்துப் பெருமைப்படுத்தியது. இதற்கிடையே, 1987-இல் பிரான்சில் லியோன் நகரத்து பிலிப் மூரே இம்முறையைச் செய்து காட்ட, பாரிஸுக்கும் போர்தோவுக்கும் அமெரிக்காவுக்கும் அது வெகு வேகமாகப் பரவியது. நம் நாட்டில் 1972 முதலே லாப்பராஸ்கோப் கருவியால் வயிற்றினுள் பார்த்து நோயறிந்து வந்த பம்பாய் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, 1990-இல் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் இம்முறையால் பித்தப்பையை அகற்றினார். ஏழைகள் நாடிவரும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது தொடங்கியது குறிப்பிடத் தக்கது.

இம்முறையில் முதலில் வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றுச் சுவரைக் கூடாரம் போல் தூக்கி நிறுத்துகிறார்கள். தொப்புளருகே ஒரு துளையின் வழியாகக் காமிரா உள்ளே செல்கிறது. மற்ற மூன்று துளைகளின் வழியாக நீண்ட இடுக்கிகளும், திசுவைப் பிரிக்கும் கருவிகளும் செல்கின்றன. துளைகள் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவே. சர்ஜன் திரையில் தெரியும் உருவத்தைப் பார்த்துக்கொண்டே, கிளைக் குழாயையும் பையின் இரத்தக் குழாயையும் கவ்விகளால் அடைத்துத் துண்டித்து, ஈரலிலிருந்து பையை உரித்து, தொப்புள் துளை வழியே வெளியே எடுக்கிறார். தசை வெட்டுப்படாததால் வலி குறைவு. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். உள்ளே செலுத்திய வாயுவால் சிலருக்கு ஓரிரு நாள் தோள் வலிக்கும். அது தானே தீரும்.

ஆயினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. 1990-ஐ ஒட்டிய தொடக்க ஆண்டுகளில், தாய்க் குழாய் காயமுறுவது ஆயிரத்தில் நான்கைந்து பேருக்கு என்ற அளவுக்கு உயர்ந்தது. சர்ஜன்கள் புதியவர்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கண்ணின் மயக்கம். இடுக்கியால் பையைத் தவறான திசையில் இழுத்துப் பிடிக்கும்போது, கிளைக் குழாயும் தாய்க் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் வந்து, தாய்க் குழாயே கிளை போலத் தோற்றமளிக்கும். கையோ தொட்டறிய இயலாது. கண்ணோ திரையின் தட்டையான உருவத்தையே நம்புகிறது. இவ்வாறு தாய்க் குழாய் துண்டிக்கப்பட்டவர் மறுபடியும் பெரிய ரண சிகிச்சைக்கு ஆளாகிறார். சிலர் ஆண்டுக்கணக்கில் காமாலையாலும் காய்ச்சலாலும் வருந்துகிறார்கள்.

இதற்கு மாற்றாக, 1995-இல் அமெரிக்க சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதியை வகுத்துரைத்தார். எதையும் துண்டிப்பதற்கு முன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கலோ முக்கோணத்திலுள்ள கொழுப்பையும் நாரையும் அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை ஈரலிலிருந்து பிரித்துவிட வேண்டும். பைக்குள் செல்வன இரண்டே இரண்டு என்பதைக் கண்ணால் காண வேண்டும். ஒன்று கிளைக் குழாய், மற்றொன்று இரத்தக் குழாய். இக்காட்சி கிடைக்காத வரையில் கத்தரிக்கோல் திறக்கக் கூடாது. எளிதாகத் தோன்றும் இவ்விதி உலகெங்கும் இன்று பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

காயத்தின் அளவு மட்டுமே நலத்தைத் தீர்மானிக்கிறது என்று எண்ணுவோர், இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்திலிருந்து 1996-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியை அறிந்துகொள்வது நலம். 200 நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குத் துளைவழி முறையிலும், மறு சாராருக்கு வழக்கமான வெட்டைவிட மிகச் சிறிய வெட்டின் மூலமாகவும் பையை அகற்றினார்கள். யாருக்கு எம்முறை என்று நோயாளிக்கும் தாதியருக்கும் தெரியாதவாறு எல்லோருக்கும் ஒரே மாதிரியான கட்டுப் போட்டார்கள். இரு சாராரும் பொதுவாக மூன்று இரவுகளே ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். துளைவழி முறைக்கு நடுத்தரமாக 65 நிமிஷம் ஆயிற்று. சிறு வெட்டுக்கு 40 நிமிஷமே ஆயிற்று. பழைய பெரும் வெட்டோடு ஒப்பிடும்போது துளைவழி முறையின் மேன்மை ஐயமற்றது. தேர்ந்த கை செய்யும் சிறு வெட்டோடு ஒப்பிடும்போது அவ்வேற்றுமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் வசதி குறைந்த ஓர் ஊரில், அனுபவமுள்ள சர்ஜன் சிறு வெட்டின் மூலம் செய்கிறேன் என்றால், அதைத் தாழ்ந்த சிகிச்சை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

இதற்கும் அப்பால் சென்ற முறைகள் உண்டு. தொப்புளில் ஒரே துளை இட்டுச் செய்வது 1997-இல் தொடங்கியது. தழும்பு வெளியே தெரியாது என்பது அதன் சிறப்பு. ஆனால் கருவிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், நேரம் கூடும், பெரிய துளையாதலால் தொப்புளில் குடலிறக்கம் தோன்றும் வாய்ப்பும் சற்று அதிகம். 2007-இல் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஒரு பெண்ணுக்குப் பிறப்புவழியாகவே கருவியைச் செலுத்திப் பையை அகற்றினார்கள். அது வியப்புக்குரிய சாதனையே ஆயினும், பொது வழக்கத்துக்கு வரவில்லை.

ரோபோ முறை 1997-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கியது. இயந்திரம் தானாக எதையும் செய்வதில்லை. சர்ஜன் ஓரிடத்தில் அமர்ந்து கைப்பிடிகளை இயக்க, இயந்திரத்தின் கைகள் அவ்வாறே நோயாளியின் உடலுக்குள் இயங்குகின்றன. உருவம் முப்பரிமாணத்தில் தெரியும்; கருவி மணிக்கட்டுப் போலத் திரும்பும். சிக்கலான வேறு ரண சிகிச்சைகளில் இதனால் பயன் உண்டு. பித்தப்பைக்கு இது தேவையா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் சர்க்கார் காப்பீடு பெற்ற முதியோர் முதலான 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்கில், தாய்க் குழாய்க் காயம் சாதாரணத் துளைவழி முறையில் ஆயிரத்தில் 2 பேருக்கும், ரோபோ முறையில் ஆயிரத்தில் 7 பேருக்கும் நேர்ந்ததாகக் காணப்பட்டது. இயந்திரம் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அதிகக் கட்டணம் அதிகப் பாதுகாப்பைத் தரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவு.

முறையைவிடக் காலம் முக்கியமாகும் சந்தர்ப்பமும் உண்டு. பை திடீரென வீங்கிக் காய்ச்சல் கண்டால், மருந்தால் தணித்துவிட்டு ஆறு வாரம் கழித்துச் செய்வதே பழைய வழக்கம். 2013-இல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்று, 618 நோயாளிகளை இரு வகையாகப் பிரித்து இதைச் சோதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. எனவே, ஊருக்குப் போய்ப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீங்கிய பித்தப்பையோடு இரண்டு நாள் ரயில் பயணம் புறப்படுவது விவேகமாகாது. உடல்நிலை ரண சிகிச்சைக்கு இடந்தருமானால், இருக்கும் ஊரிலேயே, தேர்ந்த சர்ஜனிடம் உடனே செய்துகொள்வதே மேல்.

அவ்வாறானால் எதைக் கேட்டு முடிவு செய்வது? துளை எத்தனை என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், இச்சிகிச்சையைத் தாங்கள் அடிக்கடி செய்கிறீர்களா என்று கேளுங்கள். அடுத்து, உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொண்டு தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வயிற்றைத் திறந்து செய்வேன், அல்லது ஆபத்தான பகுதியை விட்டுவிட்டுப் பையின் பெரும்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன் என்று அவர் சொன்னால், அவரை நம்பலாம். துளைவழியே தொடங்கி நடுவில் வயிற்றைத் திறந்தது தோல்வி என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். விழித்தெழுந்து பெரிய கட்டைக் கண்டதும், டாக்டர் கெடுத்துவிட்டார் என்று அங்கலாய்க்கிறார்கள். வழி தெரியாத இருட்டில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கும் வண்டிக்காரனே நம்மை வீடு சேர்ப்பவன். அது போலவே, திறந்து பார்த்த சர்ஜனும் தாய்க் குழாயைக் காப்பாற்றியவராகவே இருப்பார்.

சம்மதத் தாளில் இந்த மாற்றத்துக்கான வாசகம் இருக்கும். அதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் முழுமையும் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பம் இடுங்கள். மொழி தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் கூச்சம் வேண்டாம். எடுத்த பையைத் திசு ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த அறிக்கையை வாங்கி வையுங்கள். புற்றுநோய் மறைந்திருந்தால் அது ஒன்றே காட்டிக்கொடுக்கும். ரண சிகிச்சைக் குறிப்பின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அங்குள்ள டாக்டருக்கு அது வழிகாட்டும்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், எச்சரிக்கை அடையாளங்களைக் கவனிக்கும் பொறுப்பு வீட்டாருடையது. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் கண்டால், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், உடனே அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். தாய்க் குழாய்க் காயம் சீக்கிரம் தெரிந்தால் செப்பனிடுவது எளிது. நாள் கழிந்தால் கடினம். தேறும் காலத்தை அம்மா வீட்டில் கழிக்கலாம் என்று மூன்றாம் நாளே ரயிலேறுவோரை நாம் அறிவோம். முதல் வாரத்தில் சர்ஜன் மறுபடி பார்த்து அனுமதி தந்த பிறகு புறப்படுவதே நல்லது.

உணவைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். சில வாரங்கள் எண்ணெயையும் நெய்யையும் குறைத்துக்கொண்டு, பிறகு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். சிலருக்குச் சில காலம் வயிறு இளகிப்போகும். அது பெரும்பாலும் தானே சரியாகும்.

லாங்கன்புக் காலத்திலிருந்து வெளிக்காயம் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் முக்கோணமோ அதே அளவில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் அவசரப்படாத கண்ணும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் துணிவும் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டால், அவர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் நலமாக வீடு திரும்பலாம்.